மொகேலே எம்பெம்பே: காங்கோவின் ஆற்று விலங்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கோவின் சதுப்புக் காட்டில் டைனோசர் ஒன்று இன்றும் உயிரோடு திரிகிறது என்ற செய்தி நூறாண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றி வருகிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மொகேலே எம்பெம்பே என்பது எந்த விலங்கு?

மத்திய ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்று வடிநிலத்தில் வாழும் மக்களின் கதைகளில் வரும் பெரியதொரு நீர்வாழ் உயிரினத்தின் பெயர் இது. இதை லிங்காலா மொழிச் சொல்லாகக் கொண்டு, 'ஆற்றின் ஓட்டத்தை நிறுத்துவது' என்று பொருள் கூறுவது வழக்கம். யானை அல்லது நீர்யானை அளவுள்ள உடல், வளைந்து நெளியும் நீண்ட கழுத்து, சிறிய தலை, முதலையினுடையதைப் போன்ற வால் என்பது பரவலாகத் தெரிந்த வருணனை. ஆனால் எல்லாக் கதைகளும் இந்த உருவத்துக்குள் அடங்குவதில்லை. சிலர் அதற்கு ஒற்றைக் கொம்பு உண்டு என்கிறார்கள். வேறு சிலர் அதை விலங்காகவே கருதுவதில்லை, ஆற்றில் உறையும் ஆவியாகவே பேசுகிறார்கள்.

இதன் எலும்போ தோலோ பல்லோ எந்த ஆய்வகத்துக்கும் வந்து சேர்ந்ததில்லை. எனவே விலங்கியல் இதை ஓர் இனமாக ஏற்கவில்லை. இவ்வாறு கதைகளிலும் வாய்மொழிச் சாட்சியங்களிலும் மட்டும் வாழும் உயிரினங்களைத் தேடுவதற்கு மறைவிலங்கியல் என்று பெயர். ஆங்கில வழக்கில் கிரிப்டோசூவாலஜி. 1950களில் பெர்னார்ட் ஹூவெல்மான்ஸ் என்ற விலங்கியலாளரின் எழுத்துகளால் அது பரவலானது. பெயரில் 'இயல்' இருந்தாலும், அது அறிவியல் துறையாக ஏற்கப்பட்டதன்று.

அது எங்கே இருப்பதாகச் சொல்லப்படுகிறது?

காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருப்பதால் இங்கே சற்றுக் கவனம் தேவை. இந்தக் கதைக்குரியது பிராசவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசு. அதன் வடகிழக்கில் உள்ள லிகுவாலா மாவட்டமே கதையின் மையம். இம்ப்ஃபோண்டோ அதன் தலைநகர். அங்கிருந்து எப்பேனா என்ற சிற்றூர் வழியாகச் சதுப்புக்குள் சென்றால், ஏறத்தாழ வட்ட வடிவில் தெலே ஏரி கிடக்கிறது. சுமார் 23 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் ஆழம் சில மீட்டர்தான். யானை அளவு விலங்கு ஒன்று மறைந்து வாழ்வதற்கு அது தாராளமான இடமன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். கேமரூன், காபோன் ஆகிய அண்டை நாடுகளிலும் இதையொத்த கதைகள் உண்டு.

இதைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1776ஆம் ஆண்டிலேயே இருக்கிறதாமே?

அந்த ஆண்டில் புரோயார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் லோவாங்கோ நாட்டைப் பற்றி எழுதிய நூலில், காட்டு வழியே சென்ற மறைப்பணியாளர்கள் ஏதோ ஒரு பெரிய விலங்கின் காலடித் தடங்களைக் கண்டதாக ஒரு குறிப்பு வருகிறது. நகம் பதிந்த தடங்கள். ஒவ்வொன்றும் சுமார் மூன்றடிச் சுற்றளவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு அடி இடைவெளி. விலங்கை அவர்கள் பார்க்கவில்லை. நீண்ட கழுத்து, ஆறு, ஏரி, மொகேலே எம்பெம்பே என்ற பெயர் எதுவும் அங்கே இல்லை. லோவாங்கோவோ அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டிய நாடு. லிகுவாலாவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிற்காலத் தேடுநர்கள் தங்கள் கதைக்குப் பழமை சேர்க்க இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே என் கருத்து.

அப்படியானால் டைனோசர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். விடை காங்கோக் காட்டில் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களின் கூடங்களில் இருக்கிறது.

1905ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பிரான்டோசாரஸ் என்னும் நெடுங்கழுத்து டைனோசரின் எலும்புக்கூட்டை முதன்முதலாக நிறுத்திக் காட்டியது. அதே ஆண்டு மே மாதம், தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அன்பளித்த டிப்ளோடோகஸ் எலும்புக்கூட்டின் வார்ப்பு லண்டனில் திறந்து வைக்கப்பட்டது. 1908இல் இன்னொரு வார்ப்பு பெர்லினுக்குப் போனது. இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள எலும்புக்கூடுகளைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். நெடுங்கழுத்து டைனோசர் என்ற உருவம் பொதுமக்களின் மனத்தில் குடியேறியது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

அந்தச் சூட்டோடு சூடாக வந்தவர் கார்ல் ஹாகன்பெக். ஜெர்மனியின் பெயர்பெற்ற விலங்கு வணிகரான அவர், 1907இல் ஹாம்பர்க் அருகே ஷ்டெல்லிங்கனில் தம் விலங்குக் காட்சிசாலையைத் திறந்திருந்தார். டைனோசர்களின் முழு அளவுச் சிலைகளும் அங்கே இடம்பெற்றன. அவருடைய நினைவுக் குறிப்புகளின் ஆங்கிலப் பதிப்பு 1909இல் வெளிவந்தது. ரொடீஷியாவின் உள்நாட்டுச் சதுப்புகளில் பாதி யானையும் பாதி டிராகனுமான ஒரு பெரும் விலங்கு வாழ்வதாகத் தமக்குத் தனித்தனியே தகவல் வந்தது என்றும், அது பிரான்டோசாரஸுக்கு உறவான டைனோசராக இருக்கக்கூடும் என்றும் அதில் அவர் எழுதினார். பெரும் செலவில் ஆள் அனுப்பியும் காய்ச்சலால் அந்த முயற்சி தோற்றது என்றும் சேர்த்துக்கொண்டார். உலகெங்கும் நாளிதழ்கள் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. விலங்குகளை விற்றும் நுழைவுச்சீட்டு விற்றும் வாழ்ந்த ஒருவருக்கு இந்த விளம்பரம் கசந்திருக்காது.

இதில் இரண்டு விவரங்களைக் கவனிக்க வேண்டும். ரொடீஷியா என்பது இன்றைய சாம்பியா, சிம்பாப்வே நாடுகளின் பகுதி. காங்கோ குடியரசின் லிகுவாலா அன்று. 'டைனோசர்' என்ற சொல்லைச் சேர்த்தவர் ஹாகன்பெக். அவருக்குத் தகவல் தந்த ஆப்பிரிக்கர்கள் அல்லர்.

மொகேலே எம்பெம்பே என்ற பெயர் எப்போது எழுத்தில் வந்தது?

1913ஆம் ஆண்டு, அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த கேமரூனிலிருந்து புறப்பட்ட லிகுவாலா–காங்கோ ஆய்வுப் பயணத்தின் தலைவர் ஃப்ரைஹெர் ஃபான் ஷ்டைன் தம் அறிக்கையில் இந்தப் பெயரைக் குறித்துவைத்தார். முதல் உலகப்போர் குறுக்கிட்டதால் அந்த அறிக்கை அச்சேறவில்லை. பின்னாளில் வில்லி லே என்ற அறிவியல் எழுத்தாளர் அதன் ஒரு பகுதியை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்.

அறிக்கையின் நடை எச்சரிக்கையானது. ஃபான் ஷ்டைன் எதையும் தாம் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியிலும் 'சொல்கிறார்கள்' என்றே எழுதிச் செல்கிறார். பழுப்பும் சாம்பலும் கலந்த வழவழப்பான தோல், யானை அளவு, குறைந்தது நீர்யானை அளவு, நீண்டு வளையும் கழுத்து, ஒரேயொரு நீளமான பல். அது பல்லன்று, கொம்பு என்போரும் உண்டு. ஆறு வளைந்து திரும்பும் இடங்களில் களிமண் கரையை நீர் அரித்துண்டாக்கிய குகைகளில் அது தங்கும். அருகே வரும் தோணியைத் தாக்கி ஆட்களைக் கொல்லும், ஆனால் பிணத்தைத் தின்னாது. அதன் உணவு முழுவதும் தாவரம். பெரிய வெண்ணிறப் பூக்களும் பாலும் ஆப்பிள் போன்ற காய்களும் உடைய ஒரு காட்டுக்கொடியை அது விரும்பித் தின்னும் என்று சொல்லி, அந்தக் கொடியையே அவருக்குக் காட்டினார்கள்.

தோணியைக் கவிழ்த்து ஆளைக் கொன்றுவிட்டு உடலைத் தொடாமல் போகும் தாவர உண்ணி என்றதும் ஆப்பிரிக்க ஆறுகளை அறிந்தவர்களுக்கு நீர்யானை நினைவுக்கு வரும். ஒற்றைக் கொம்பு என்றதும் வேறொரு விலங்கு நினைவுக்கு வரும். அதைப் பின்னர் பார்ப்போம். டைனோசரை நினைக்க வேண்டுமானால் அந்த நினைப்பை முன்பே கையில் கொண்டு வந்திருக்க வேண்டும்.

அறிவியலாளர்கள் யாரும் தேடிப் போகவில்லையா?

போனார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ராய் மேக்கல். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி விலங்கைத் தேடிய குழுவுக்கு அறிவியல் பொறுப்பாளராக இருந்தவரும் இவரே. முதலைகளை ஆய்ந்துவந்த ஜேம்ஸ் பவல் என்பவர் காபோனில் திரட்டிய கதைகளால் ஈர்க்கப்பட்டு, 1980இல் மேக்கல் அவருடன் லிகுவாலாவுக்குச் சென்றார். 1981இல் மீண்டும் சென்றார். பல ஊர்களில் சாட்சியங்களைப் பதிவு செய்தார். ஆனால் தெலே ஏரியை அவர் அடையவேயில்லை. அந்த விலங்கு சிறியதொரு நெடுங்கழுத்து டைனோசராக இருக்கலாம் என்று வாதிட்டு 1987இல் நூலும் வெளியிட்டார்.

1981இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெர்மன் ரெகுஸ்டர்ஸ் தம் மனைவியுடன் தெலே ஏரியை அடைந்தார். நீண்ட கழுத்து நீருக்கு மேலே எழுந்ததைக் கண்டதாகச் சொன்னார். அவர் கொண்டுவந்த படத்தில் இன்னதென்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை. 1983இல் பிராசவில் விலங்குக் காட்சிசாலையைச் சேர்ந்த காங்கோ விலங்கியலாளர் மார்செலின் அஞாஞா, அதே ஏரியில் சுமார் முந்நூறு மீட்டர் தொலைவில் அந்த விலங்கைக் கண்டதாக அறிவித்தார். படக்கருவி தவறான அமைப்பில் இருந்ததால் படம் தெளிவாகப் பதியவில்லை என்பது அவர் தந்த விளக்கம். அதன் பிறகு பிரிட்டன், ஜப்பான் குழுக்களும் சென்றன. 1992இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக் குழு வானூர்தியிலிருந்து எடுத்த சில நொடிக் காட்சியில், நீரைக் கிழித்துச் செல்லும் கருநிறப் பொருள் ஒன்று தெரிகிறது. உற்றுப் பார்த்தவர்கள் பலருக்கு அது தோணியில் செல்லும் இருவராகத் தெரிந்தது.

நேரில் கண்டேன் என்பவரின் கருவி மட்டும் ஒவ்வொரு முறையும் கைவிடுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தற்செயல்களை அடுக்கிச் சான்றாக்க முடியாது.

அந்த ஊரார் ஒன்றைக் கொன்று தின்றார்களாமே?

மேக்கல் பதிவு செய்த கதைகளில் அதுவும் ஒன்று. 1959ஆம் ஆண்டு வாக்கில், தெலே ஏரியில் மீன்பிடிப்புக்கு இடைஞ்சலாக இருந்த விலங்குகள் வராமல் தடுக்க, ஏரிக்கு வரும் நீர்வழியில் மரக்கழிகளை நட்டு அடைத்தார்கள். அதை முறித்துக்கொண்டு வர முயன்ற ஒன்றை ஈட்டிகளால் குத்திக் கொன்றார்கள். வெற்றி விருந்தில் அதன் இறைச்சியைத் தின்றவர்கள் அனைவரும் மடிந்தார்கள் என்பது கதை. விலக்கை மீறியவருக்குக் கேடு சூழும் என்ற அமைப்பு இதில் பளிச்சென்று தெரிகிறது. கொன்றதையும் தின்றதையும் நினைவில் வைத்திருந்த ஊரில், நஞ்சுள்ள இறைச்சியோடு எலும்புகளும் எங்கே போயின என்பதற்குக் கதையில் இடமில்லை.

படங்களைக் காட்டியபோது ஊரார் டைனோசரைத்தானே சுட்டிக்காட்டினார்கள்?

ஆம், சில இடங்களில் சுட்டிக்காட்டினார்கள். நூலிலுள்ள விலங்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, 'இதைத் தெரியுமா?' என்று கேட்பது பவலும் மேக்கலும் கையாண்ட முறை. நெடுந்தொலைவிலிருந்து பணத்தோடும் ஆட்களோடும் ஒருவர் வந்து, நீண்ட கழுத்துள்ள விலங்கைத் தேடுகிறோம் என்று அறிவித்துவிட்டு, நீண்ட கழுத்துள்ள விலங்கின் படத்தையும் நீட்டினால், எந்த விடை அவரை மகிழ்விக்கும் என்பதைக் கண்டுகொள்ள யாருக்கும் அதிக நேரமாகாது. இது ஊராரின் நேர்மையைக் குறை கூறுவதாகாது. கேட்டவரின் முறையில் உள்ள குறை இது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச்சு நடந்தபோது அந்தக் குறை இன்னும் பெருகியது.

வேறு விடையும் வந்ததுண்டு. 2001இல் பிபிசி ஒளிபரப்பிய காங்கோ ஆவணத் தொடருக்காகப் அப்பகுதிக் காடுகளில் வாழும் பியாக்கா மக்களிடம் விலங்குப் படநூலைக் காட்டியபோது, அவர்கள் மொகேலே எம்பெம்பே என்று அடையாளம் சொன்னது காண்டாமிருகத்தை. அவர்கள் வாழும் மழைக்காட்டில் காண்டாமிருகம் இல்லை. வடக்கே கேமரூன் முதலிய நாடுகளின் புல்வெளிகளில் கருங்காண்டாமிருகத்தின் மேற்கு உள்ளினம் வாழ்ந்தது. 2011இல் அது அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. எப்போதோ கண்டவர் சொல்லக் கேட்டுத் தலைமுறைகள் கடந்து வந்த நினைவு, ஆற்று விலங்கின் கதையோடு கலந்திருக்கக்கூடும். ஃபான் ஷ்டைன் எழுதிய ஒற்றைக் கொம்பும் இதனோடு பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கதைகளையும் இந்த ஒன்றால் விளக்கிவிட முடியாது.

அப்படியானால் மக்கள் உண்மையில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

ஒரே விலங்கைப் பார்க்கிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. காட்டு யானை ஆழமான நீரைக் கடக்கும்போது உடல் முழுவதும் மூழ்க, தும்பிக்கை மட்டும் மேலே நீண்டு நிற்கும். பின்னே முதுகின் மேடு தெரியும். மாலை மங்கலில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு தலையும் நீண்ட கழுத்தும் கொண்ட விலங்காகவே அது தோன்றும். நீர்யானை, முதலை, நீந்தும் மலைப்பாம்பு, கழுத்தை வெகுவாக நீட்டும் மென்ஓட்டு ஆமை, மிதந்து வரும் மரக்கட்டை எல்லாம் அந்த ஆறுகளில் உண்டு.

அழிந்ததாக நினைத்த சீலகாந்த் மீன் கிடைக்கவில்லையா? ஒகாபி கிடைக்கவில்லையா?

இரண்டும் கிடைத்தன. கிடைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான காட்டு விலங்கு ஒகாபி. அதைப் பற்றி ஐரோப்பியர் கேள்விப்பட்ட சில ஆண்டுகளுக்குள் தோலும் மண்டையோடும் லண்டனுக்கு வந்தன. 1901இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. சீலகாந்தை 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல் வலையோடு கரைக்குக் கொண்டுவந்தது. முழு உடலும் அருங்காட்சியகப் பொறுப்பாளரின் கைக்குப் போனது. ஆழ்கடலில் வாழும் மீன் மனிதரின் கண்ணில் படாமல் இருந்ததில் வியப்பில்லை. மீனவர்கள் நாள்தோறும் தோணி விடும், சில மீட்டர் ஆழமேயுள்ள ஏரியில் யானை அளவுள்ள விலங்குக் கூட்டம் ஒன்று எலும்புகூட விடாமல் ஒளிந்திருப்பது வேறு கதை. கூட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தனியாக ஒரு விலங்கு கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழாது. ஒவ்வொரு தலைமுறையிலும் இணை சேர்ந்து முட்டையிட்டு வளர்க்கும் அளவுக்காவது எண்ணிக்கை இருந்தாக வேண்டும். அத்தனையும் செத்து மடிந்தும் ஆக வேண்டும்.

பாறைகள் தரும் சான்றும் அதே பக்கம்தான் நிற்கிறது. நெடுங்கழுத்து டைனோசர்களின் எலும்புகள் அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் கிடைத்துள்ளன. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கோடு எல்லா இடங்களிலும் அவை நின்றுபோகின்றன. நம் அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் எடுக்கப்பட்டு, 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட பேருடல் விலங்கின் எலும்புகளும் அந்த எல்லைக்குச் சற்று முந்தைய காலத்தவையே. அவை பின்னர் சிதைந்து அழிந்துபோயின என்பது தனியாக வருந்த வேண்டிய செய்தி.

காங்கோக் காடு டைனோசர் காலத்திலிருந்து மாறாமல் இருக்கிறது என்கிறார்களே?

மறைவிலங்கியலாளர்கள் அதிகம் சாய்ந்து நிற்கும் தூண் இதுதான். முழுமையாக உளுத்துப்போன தூணும் இதுதான். பனியுக காலத்தின் வறண்ட கட்டங்களில் மத்திய ஆப்பிரிக்க மழைக்காடு பலமுறை சுருங்கிப் புல்வெளிக்கு இடம் கொடுத்திருக்கிறது.

அதைவிட நேரடியான சான்று அண்மையில் லிகுவாலாவின் சேற்றிலிருந்தே கிடைத்தது. பிரிட்டன், காங்கோ ஆய்வாளர்கள் 2012 முதல் அந்தச் சதுப்புகளில் நடந்து, கம்பிகளை இறக்கி, அடியிலுள்ள பீட் என்னும் முற்றா நிலக்கரி மண்ணை அளந்தார்கள். அழுகாமல் தங்கிய இலைதழைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவாகும் மண் அது. 2017இல் வெளியான அவர்களுடைய முடிவுகளின்படி, இரு காங்கோக்களிலும் சேர்த்து அந்தச் சதுப்பு 1,45,500 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. சுமார் 3,000 கோடி டன் கரிமம் அதில் அடைபட்டிருக்கிறது. அந்த மண் படியத் தொடங்கியது சுமார் 10,600 ஆண்டுகளுக்கு முன்புதான். 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை அந்த நிலம் வறண்டுகொண்டே வந்ததையும், 7,500 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை படிந்த மண்ணின் பெரும்பகுதி அதனால் காற்றுப்பட்டு மக்கிப்போனதையும் காட்டியது. மாறாத சதுப்பு என்று சொல்லப்பட்ட இடம், எகிப்தியர் பிரமிடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஈரம் குறைந்துகொண்டிருந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகள் அங்கே ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் விலங்குக்கு, அந்த இடமே அவ்வளவு காலம் இருக்கவில்லை.

நெடுங்கழுத்து டைனோசர்கள் நீரில் வாழ்ந்தவைதானே?

ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். அவ்வளவு எடையைக் கால்கள் தாங்காது என்று கருதி, கழுத்தளவு நீரில் நிற்பதாகவே அவற்றை வரைந்தார்கள். 1951இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கெர்மாக், அவ்வளவு ஆழத்தில் நீரின் அழுத்தம் நெஞ்சுக்கூட்டை நெருக்கி மூச்சுவிடாமல் செய்திருக்கும் என்று காட்டினார். 1970களுக்குள் கருத்து மாறிவிட்டது: தூண் போன்ற கால்கள், காற்றறைகள் நிறைந்த முள்ளெலும்புகள், நிலத்தில் பதிந்த காலடித் தடங்கள் எல்லாம் அவை நிலத்தில் நடந்த விலங்குகள் என்பதையே உறுதிப்படுத்தின.

இதன் விளைவு சுவையானது. மொகேலே எம்பெம்பேயின் புகழ்பெற்ற உருவம் உண்மையான டைனோசரை ஒத்திருக்கவில்லை. 1909ஆம் ஆண்டின் ஓவியர் தவறாக வரைந்த டைனோசரை ஒத்திருக்கிறது. உயிரோடு தப்பிப் பிழைத்த விலங்கு ஒன்று, ஓவியரின் பிழையையும் சேர்த்துக்கொண்டு பிழைத்திருக்க வழியில்லை.

இதைத் தேடுவதில் சமயப் பற்றாளர்கள் ஏன் ஆர்வம் காட்டுகிறார்கள்?

உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படைக்கப்பட்டது என்று நம்பும் மேற்கத்தியக் கிறித்தவக் குழுக்களில் சிலர், உயிருள்ள டைனோசர் ஒன்று அகப்பட்டால் பரிணாமக் கொள்கை சரிந்துவிடும் என்று கருதுகிறார்கள். 1980களுக்குப் பிறகு நடந்த பயணங்கள் சிலவற்றை அத்தகையோரே நடத்தினார்கள். அந்தக் கணக்கு தவறானது. டைனோசர் காலத்திலிருந்தே முதலைகள் வாழ்கின்றன. அதனால் பரிணாமக் கொள்கைக்கு எந்தக் கேடும் வரவில்லை.

இன்று தெலே ஏரிக்கு யாராவது போகிறார்களா?

போகிறார்கள். ஏரியின் மீது மரபுரிமை உடையவர்கள் போவா ஊரார். வெளியார் அவர்களிடம் இசைவு பெற்று, அவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு, சதுப்பின் வழியே நடந்து செல்ல வேண்டும். ஏரியும் சுற்றியுள்ள ஈரநிலமும் 1998இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2001இல் அது சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வாளர்கள் வடக்குக் காங்கோவின் காடுகளுக்கும் சதுப்புகளுக்கும் சென்று, கொரில்லாக்கள் இரவுதோறும் கட்டும் கூடுகளை எண்ணினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு 1,25,000 மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். உலகில் எஞ்சியிருப்பதாக அதுவரை கருதப்பட்ட எண்ணிக்கையை அது ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. லிகுவாலாவில் வெளியுலகம் அறியாமல் பெரிய விலங்குகள் உண்மையாகவே இருந்தன. அவற்றின் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணியவர்களின் கண்ணில் நெடுங்கழுத்து விலங்கின் தடம் எதுவும் படவில்லை.